இளவேனிலும் இல்லத்து மரமும்



இளவேனில் பிறந்துவிட்டது. இலையுதிர்த்து நின்ற வேம்பு செந்தளிர் விட்டுப் பூத்திருக்கிறது. மாமரம் பிஞ்சு பிடித்திருக்கிறது. வைகாசிப் பௌர்ணமி அணுகிவரும் இந்நாட்களில், நம் இல்லத்துப் புழக்கடையில் நிற்கும் மரத்தைக் குறித்துச் சில சொல்ல விழைகிறேன். இது தோட்டக்காரனுக்குரிய பேச்சன்றோ, தம்மத்திற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். என் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டே விடை கூறுகிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது, தங்கவயலில் எங்கள் லைன் வீட்டின் பின்புறம் ஒரு வேம்பு நின்றது. அதன் அடியில் மஞ்சள் பூசிய கல்; இடையில் மஞ்சள் துணி; உடலெங்கும் பேய் ஓட்டுவோர் அறைந்த ஆணிகள். என் தந்தையார் திரிசரணம் ஏற்ற ஆண்டில் அக்கல்லை அகற்றினார். அது முறையே. ஆயின் அவர் அத்துடன் நில்லாமல், அம்மனுடைய மரம் நமக்கு எதற்கு என்று கூறி, மரத்தையும் வெட்டிச் சாய்த்தார். அக்கோடையில் எங்கள் தகரக் கூரை காய்ந்த காய்ச்சலை நான் இன்றும் மறக்கவில்லை. இரவெல்லாம் சுரங்கத்தில் உழைத்துத் திரும்பும் தந்தையாருக்குப் பகலில் கண்ணயர நிழல் இல்லாமற் போயிற்று.

அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை. தலைமுறைத் தளைகளை அறுக்கப் புகுந்தவனுக்கு, எது தளை, எது மரம் என்று நின்று பார்க்கப் பொழுது ஏது? ஆயினும் நாம் பார்த்தாக வேண்டும்.

பகவான் புத்தர் மெய்ஞ்ஞானம் எய்திய பின் ஒரு வாரம் முழுதும் போதிமரத்தை இமை கொட்டாது நோக்கியிருந்தார் என்பது பௌத்த மரபு. அவர் அதனிடம் வரம் கேட்டாரில்லை, கயிறு கட்டினாரில்லை. நிழல் தந்ததற்கு நன்றி செலுத்தினார், அவ்வளவே. சோலை வளர்ப்போர்க்கும் கிணறு தோண்டுவோர்க்கும் புண்ணியம் இரவும் பகலும் பெருகும் என்ற போதனை சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. பிக்குகள் உயிருள்ள மரஞ்செடிகளைச் சிதைப்பதை விநயம் குற்றமென விலக்குகிறது. மாமன்னர் அசோகர், மாந்தர்க்கும் கால்நடைக்கும் நிழலாகும் பொருட்டுச் சாலைகளில் ஆலமரம் நட்டதையும் மாந்தோப்புகள் வைத்ததையும் தம் ஏழாம் தூண் சாசனத்தில் பொறித்திருக்கிறார். இவற்றில் எங்கேனும் மரத்துக்குப் பொங்கலிடச் சொல்லியிருக்கிறதா? வழிபாடு வேறு, பேணுதல் வேறு. முன்னதை விட்டோம், பின்னதையும் சேர்த்து விட்டுவிடுதல் தகாது.

இனிச் செய்ய வேண்டுவன. முதலில் மரத்தைச் சுற்றிவந்து பாருங்கள். துணி உலர்த்தக் கட்டிய கம்பி பட்டையை இறுக்கிக்கொண்டிருக்கிறதா? இலையில் சமைந்த உணவு உட்பட்டை வழியாகவே வேருக்கு இறங்குகிறது. கம்பி அவ்வழியை நெரித்தால் வேர் பட்டினி கிடக்கும், மரம் மெல்ல மெல்லச் சாகும். ஆகவே கம்பியை இன்றே அவிழ்த்துவிடுங்கள். வெளியே துருத்தி நிற்கும் ஆணியை மெதுவாகப் பிடுங்கலாம். பட்டை மூடி வளர்ந்துவிட்ட பழைய ஆணியைத் தோண்டாதீர்கள், புண்தான் பெரிதாகும். உதிர்ந்த சருகைக் குவித்து அடிமரத்தருகே தீயிடும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அச்சருகையே வேர்மேல் பரப்பினால் மண்ணின் ஈரம் காக்கும். கூடு இருக்கும் கிளையைக் குஞ்சுகள் பறக்கும் வரை தொடவேண்டாம்.

நீரை அடிமரத்தில் ஒட்டி ஊற்றுதல் பயன் குறைவு. கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே வட்டமாகப் பாத்தி கட்டி, நாள்தோறும் தெளிப்பதினும் வாரம் ஒருமுறை ஆழ நனையும்படி விடுதல் நன்று. மாம்பிஞ்சு சில உதிர்ந்தால் கலங்கற்க. தாங்கக்கூடியதற்கு மேற்பட்டதை மரமே கழித்துவிடும்.

குடிக்கவே நீரில்லை, மரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். கேள்வி நியாயமானதே. நீரின் அருமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் மகாட் நகரின் சவதார் குளத்தில் இறங்கி ஒரு கை நீர் அள்ளிப் பருகியது, அதுகாறும் நம்மனோர்க்கு அது மறுக்கப்பட்டிருந்தமையால் அன்றோ? அப்படி மறுக்கப்பட்டோரின் வழிவந்தவர் வீட்டில் ஓர் உயிர் தாகத்தோடு நிற்கலாமா? குடிநீர் வேண்டாம், அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் போதும்.

என் அன்னையார் அதைத்தான் செய்தார். வெட்டுண்ட வேம்பின் அடிக்கட்டை அடுத்த இளவேனிலில் துளிர்த்தது. அவர் யாரிடமும் ஒன்றும் பேசாமல், அரிசி களைந்த நீரை அன்றாடம் அதில் ஊற்றிவந்தார். தந்தையார் அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்தார். மூன்றாம் கோடையில், அன்னையார் காய்ச்சலாய்க் கிடந்த ஒரு நாள், அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு பின்புறம் சென்றார். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது, அவ்விருவரும் இன்றில்லை. மரம் நிற்கிறது.

பர்மிய பௌத்தர்கள் இந்தப் பௌர்ணமியன்று குடம் ஏந்திச் சென்று போதிமரத்துக்கு நீர் வார்ப்பர். நம் சங்கத்தாரும் அன்று மாலை வந்தனைக்குப் புறப்படுமுன் அவரவர் வீட்டு மரத்துக்கு ஒரு வாளி நீர் வார்த்துவிட்டு வரலாம். ஆணி பிடுங்கக் குறடு இல்லாதோர் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்க. திருப்பித் தந்துவிட வேண்டும்.