யாருடைய நிலத்தில் விளையும் எரிபொருள்?

2023 நவம்பர் 28 அன்று லண்டனிலிருந்து நியூயார்க் சென்ற விர்ஜின் அட்லாண்டிக் விமானம், வழக்கமான பெட்ரோலிய எரிபொருள் இல்லாமலேயே கடலைக் கடந்தது. கொழுப்புக் கழிவும் தாவரச் சர்க்கரையும் கொண்டு தயாரித்த எரிபொருள் அதற்குப் போதுமாயிருந்தது. சில நாள் முன்புதான் ஐ.நா.வின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ துபாயில் கூடி, 2030-க்குள் பன்னாட்டு விமான எரிபொருளின் கரிம அடர்த்தியை 5% குறைக்கும் இலக்கை ஏற்றது. நோக்கம் சரியானதே. நெடுந்தூர விமானத்தை மின்கலத்தால் ஓட்ட இன்று வழியில்லை. வெப்பமும் வறட்சியும் முதலில் தாக்குவது ஏழை உழவரைத்தான் என்பதால், காலம் தாழ்த்துவதும் அநீதியே.

ஆனால் ஒரு மதிப்பீட்டின்படி 2018-ல் உலக மக்களில் சுமார் 11% பேரே விமானம் ஏறினர். மற்றவர்களின் உணவு விளையும் நிலத்தில் இவர்களுடைய பயணத்துக்கு எரிபொருள் விளைவிக்கலாமா?

ஐரோப்பிய ஒன்றியம் கூடாது என்கிறது. 2025-ல் 2%, 2030-ல் 6%, 2050-ல் 70% என மாற்று எரிபொருளைக் கட்டாயமாக்கிய அதன் சட்டம், உணவு, தீவனப் பயிர்களிலிருந்து வருவதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பன்னாட்டு விமானங்களின் கரிம உமிழ்வை ஈடுசெய்ய ஐகாவோ வகுத்த கோர்சியா திட்டம் அவ்வளவு கண்டிப்பானதல்ல. பெட்ரோலிய எரிபொருளைவிட உமிழ்வு 10% குறைந்தாலே எரிபொருள் தகுதி பெறும். மக்காச்சோளம், சோயா, பாமாயில் எதற்கும் முழுத்தடை இல்லை. உணவுப் பாதுகாப்பு பற்றிய நிபந்தனை உண்டு. ஆனால் அது பயிர் விளையும் வட்டாரத்தைத்தான் பார்க்கிறது. ஓரிடத்துச் சோளம் எரிபொருளாகும்போது வேறொரு கண்டத்தில் மாவு விலை ஏறினால், அந்தப் பசி எந்தக் கணக்கிலும் வராது.

உழவருக்கு நல்ல விலை கிடைக்குமே என்பார்கள். விற்க விளைச்சல் உள்ளவருக்குக் கிடைக்கும்; தானியத்தை வாங்கி உண்ணும் கூலித் தொழிலாளிக்கு அதே விலைதான் சுமை.

உண்ணாத பயிரைத் தரிசில் வளர்க்கலாம் என்ற வாக்குறுதியும் முன்பே சோதிக்கப்பட்டது. காட்டாமணக்கை நம்பி 2000-களில் தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் பெரும் நிலப்பரப்புகள் நிறுவனங்களின் கைக்குப் போயின. செடி தரிசில் பிழைத்தது, போதிய அளவு காய்க்கவில்லை. நல்ல விளைச்சலுக்கு நல்ல மண்ணும் நீரும் கேட்டது. பல திட்டங்கள் பாதியில் கைவிடப்பட்டன. ஏட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலம் பலருக்கு மேய்ச்சலும் விறகும் தந்துவந்த நிலம். அவர்களில் யாரும் விமானம் கேட்கவில்லை.

பொரித்து மீந்த எண்ணெய் நல்ல மூலப்பொருள்தான். ஆனால் அளவு குறைவு. புதிய பாமாயிலே பழையது என்ற பெயரில் விற்கப்படுகிறதோ என்ற ஐயம் ஐரோப்பாவில் பலமுறை எழுந்திருக்கிறது. எஞ்சுவது, பசுமை ஹைட்ரஜனும் பிடித்துவைத்த கரியமில வாயுவும் சேர்த்துச் செய்யும் எரிபொருள். அதன் விலை பல மடங்கு. அந்த விலையைப் பயணச்சீட்டில் ஏற்றுவதே நேர்மை; அதுவும் போதாவிட்டால் பயணங்கள் குறையட்டும். 2027-ல் கோர்சியா, பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் பெரும்பங்கு வகிக்கும் நாடுகளுக்குக் கட்டாயமாகிறது. உணவுப் பயிரை விலக்கும் விதியை ஐகாவோ அதற்குள் எழுதியாக வேண்டும்.