பதிமூணு கண் பாலம்: பழமை எங்கே இருக்கிறது?

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு மலை இறங்கும் ரயில் பாதையில், ஆரியங்காவுக்கும் தென்மலைக்கும் நடுவே, கழுதுருட்டியில் நிற்கிறது பதிமூணு கண் பாலம். ஏறத்தாழ 100 மீட்டர் நீளமுள்ள இந்தப் பாலம் கருங்கல்லையும் சுர்க்கிச் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு எழுப்பப்பட்டது. தென்னிந்திய ரயில்வே கம்பெனியும் சென்னை மாகாண அரசும் திருவிதாங்கூர் சமஸ்தானமும் சேர்ந்து அமைத்த கொல்லம்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904-இல் திறக்கப்பட்டபோது, மூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில் இருந்தார். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். அது 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்தப் பாலத்தோடு இரண்டு வழிகளால் பிணைந்தவை. ஒன்று சாலை. திருமங்கலத்தில் தொடங்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த இரண்டு ஊர்களையும் தென்காசியையும் கடந்து, பாலத்தின் அடிவாரத்தை ஒட்டியே கொல்லத்துக்குப் போகிறது. மற்றொன்று 1927-இல் திறக்கப்பட்ட விருதுநகர்–தென்காசி ரயில் பாதை. இன்று சென்னை–கொல்லம் விரைவு ரயில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறுபவரை இந்தப் பாலத்தின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. குற்றாலத்துக்கும் தென்மலைக்கும் போகிறவர்கள் சாலையோரத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். ரயில் வரும் நேரம் கேட்டுக் காத்திருந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். மலைப்பாதையின் ஒரு பகுதியாகக் கட்டப்பட்ட பாலம் இப்படித்தான் தனியே பார்க்கப் போகும் இடமாக ஆயிற்று.

பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பது எளிய கேள்விபோலத் தோன்றினாலும் எளியது அல்ல. விருதுநகர்–தென்காசி–செங்கோட்டைப் பாதை 2004-இல் அகலப்பாதையானது. செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் ரயில் 2010-இல் நின்றது. 2018-இல்தான் மீண்டும் ரயில் ஓடியது. 1000 மில்லிமீட்டர் இடைவெளிக்காகக் கட்டிய பாலம் இப்போது 1676 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தையும் அதற்கேற்ற பளுவையும் சுமக்க வேண்டும். அதற்காகப் பழைய கட்டுமானம் கான்கிரீட்டால் வலுவூட்டப்பட்டது. பதின்மூன்று கண்களின் வடிவம் காப்பாற்றப்பட்டது. தண்டவாளம் புதிது, வண்டி புதிது, பளுவைத் தாங்கும் பலத்தில் ஒரு பங்கும் புதிது. அப்படியானால் 1904-ஆம் ஆண்டின் பாலம் இதுதானா? பழையது என்று சொல்லி வணங்கவோ வியக்கவோ செய்யும் ஒன்றில், பழமை குடியிருக்கும் இடம் எது? கல்லா, உருவமா, ஓட்டமா?

இந்தக் கேள்வி கிரேக்க மரபில் தீசியஸின் கப்பலாக வருகிறது. ஏதென்ஸ் மக்கள் அந்தக் கப்பலின் இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் வாதிட்டதையும் புளூடார்க் எழுதிவைத்தார். 17-ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதில் ஒரு முடிச்சுப் போட்டார். கழித்துப்போட்ட பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அவற்றைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்?

இந்திய மரபில் இதே கேள்வி தேராக வருகிறது. பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் அரசன் மிலிந்தனிடம் அவன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்கிறார். எதுவும் தேர் இல்லை; உறுப்புகள் சேர்ந்திருக்கும் நிலைக்கு வழக்கத்தில் இட்ட பெயரே தேர் என்பது அவர் காட்டும் முடிவு. இதன்படி பாலம் என்று நிலையான பொருள் ஒன்று முதலிலிருந்தே இல்லை. நியாய வைசேஷிகர்கள் இதை மறுப்பார்கள். உறுப்புகளில் தங்கியிருந்தும் உறுப்புகளிலிருந்து வேறான முழுமை ஒன்று உண்டு என்பார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் உறுப்பு மாறினால் பழைய முழுமை அழிந்து புது முழுமை பிறந்துவிடுகிறது. ஒவ்வொரு பழுதுபார்ப்பும் ஒரு புதுப் பாலம். சமணர்கள் நடுவழி ஒன்றைச் சொல்கிறார்கள். குடமாக இருந்த பொன்னை உருக்கி முடி செய்தால் குடம் அழிந்தது, முடி பிறந்தது, பொன் நிலைத்தது. தோன்றுதல், அழிதல், நிலைத்தல் மூன்றும் ஒரே பொருளில் ஒரே நேரத்தில் நடப்பவை. பாலத்தின் வடிவமும் பெரும்பகுதிக் கல்லும் நிற்க, பாதை மாறியதை இந்தப் பார்வை முரண்பாடின்றி விளக்கிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இந்த வாதம் நூலில் மட்டும் உள்ளது அல்ல. ஆடிப்பூரத்தன்று ஓடும் ஆண்டாள் தேர் தமிழகத்தின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. மரச் சக்கரங்களோடு அது நிலைக்கு வந்துசேரப் பல நாள் ஆன காலம் உண்டு. பிற்காலத்தில் இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்ட பிறகு ஓட்டம் எளிதாயிற்று. வடம் பிடிக்கிறவர்கள் யாரும் இது வேறு தேர் என்று சொல்லவில்லை. நாகசேனர் உறுப்புகளைப் பிரித்துக் கேட்ட கேள்விக்கு ரதவீதி வேறொரு பதிலை வைத்திருக்கிறது: எதில் ஆண்டாள் எழுந்தருளுகிறாளோ, எதை ஊர் கூடி இழுக்கிறதோ, அது ஆண்டாள் தேர்.

இதற்குத் தத்துவ வடிவம் தரும் வரையறை ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்தில் இருக்கிறது. ஓர் உயிர் தன் பொருட்டு எதை ஆள்கிறதோ, எதைத் தாங்குகிறதோ, எது அந்த உயிருக்கே உரியதாக இருக்கிறதோ, அதுவே அந்த உயிரின் சரீரம். இங்கே உடம்பு என்பது இன்ன பொருளால் ஆனது, இன்ன வடிவில் இருப்பது என்பதால் அடையாளம் பெறவில்லை; யாருக்காக, எதற்காக இருக்கிறது என்பதால் பெறுகிறது. பாலத்துக்கு உயிர் இல்லை. ஆகவே உவமை முழுதும் பொருந்தாது. ஆனாலும் கல்லையும் சாந்தையும் ஒன்றாகக் கட்டிவைத்த காரணம் என்று ஒன்று உண்டு: மலையின் இரண்டு பக்கத்து மனிதர்களைச் சேர்ப்பது. ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் நடக்கும் திருக்கல்யாணத்தில் பெண் வீட்டார் மதுரை சௌராஷ்டிரர்கள். அந்த உறவுக்கும் ஐயப்ப பக்தர்களின் பயணத்துக்கும் மலைப்பாதை துணை நின்றது. காரணம் தொடரும்வரை உடம்பு மாறினாலும் பாலம் தொடர்கிறது என்று இந்த வழியில் சொல்லலாம்.

இதை நடைமுறையாகவே ஆக்கிவைத்திருப்பது ஆகமம். கோயில் திருப்பணி தொடங்குமுன் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ மரப்பலகையில் எழுதிய உருவிலோ இறக்கிப் பாலாலயம் செய்கிறார்கள். அதன் பின்பே கல்லில் உளி விழுகிறது. வேலை முடிந்ததும், சைவர் குடமுழுக்கு என்றும் வைணவர் சம்ப்ரோட்சணம் என்றும் சொல்லும் சடங்கால் சாந்நித்தியம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. ஜப்பானின் இசே ஆலயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் அதே அளவில் புதுக் கோயில் கட்டித் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். கடைசியாக 2013-இல் அது நடந்தது. 1964-இன் வெனிஸ் சாசனம் மூலப்பொருளைக் காப்பதையே புராதனப் பாதுகாப்பின் மையமாக வைத்தது. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் வெளியான ஆவணம், உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மதிக்க வேண்டும் என்று அதை விரித்தது.

ரயில் உலகில் இந்த இரண்டு போக்குகளுக்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த நீலகிரி மலை ரயிலுக்கு எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. அவை தேய்ந்தபோது அதே வகை எஞ்சின்களைத் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகச் செய்துகொடுத்தது. பாம்பனில் நடந்தது வேறு. 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் பக்கத்திலேயே, செங்குத்தாக உயரும் 72.5 மீட்டர் கண்ணோடு புதுப் பாலம் திறக்கப்பட்டது. ராமேஸ்வர யாத்திரையும் பாம்பன் பாலம் என்ற பெயரும் புதியதற்குப் போயின. 1964 புயலைத் தாங்கி மீண்ட நினைவு பழைய இரும்போடு தங்கியது. ஹாப்ஸ் கேட்ட இரண்டு கப்பல்களுக்கு மிக அருகில் வருவது இதுதான். பெயரும் தொழிலும் ஓரிடத்தில், பொருளும் நினைவும் ஓரிடத்தில் என்று பிரிந்தால் எது அதே பாலம் என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. கழுதுருட்டிப் பாலத்தில் இவை நான்கும் இன்னும் பிரியவில்லை.

ஓட்டமே போதும், பொருள் எப்படிப் போனாலும் சரி என்று இதிலிருந்து முடிவு கட்டுவது பிழை. பூஜை நின்றுவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் நடந்த திருப்பணிகள் சிலவற்றில் சுவரோவியங்கள் வெள்ளையடிக்கப்பட்டன. மணல் வீசிக் கல்லைச் சுத்தம் செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. தெய்வம் திரும்பி வந்தது. சோழனும் பாண்டியனும் எழுதிவைத்த சாட்சி திரும்பவில்லை. தொழில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும். யார், எப்போது, எந்தச் சாந்தால் கட்டினார்கள் என்ற அறிவோ அந்தப் பொருளில் மட்டுமே இருக்கிறது. ஆகமமும் கல்லை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. சாந்நித்தியத்தை முறையோடு இறக்கி வைத்த பிறகே உளியைத் தொடு என்ற விதியே, கல்லில் கைவைப்பது சாதாரணச் செயல் அல்ல என்பதைச் சொல்கிறது.

பார்வையாளரின் இடம் என்ன என்பது எஞ்சியிருக்கும் கேள்வி. பயன்படுத்துவது உயர்வு, பார்ப்பது தாழ்வு என்று பிரிப்பது எளிது. ஆனால் வைணவ வழக்கில் பெருமாளைப் பார்ப்பதற்கே ‘சேவித்தல்’ என்று பெயர். பார்வை அங்கே ஒரு தொண்டு. பார்க்கப்படும் பொருளுக்குப் பார்ப்பவர் ஏதாவது கடன்பட்டிருக்கிறார் என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. வேடிக்கைக்கு அப்படிக் கடன் இல்லை. பாலத்தடியில் நிற்பவர் கல்லில் பெயர் கீறாமல், தண்டவாளத்தில் இறங்காமல், வலுவூட்டிய பகுதி எது, பழைய கட்டு எது என்று பிரித்துப் பார்த்தால் அவர் பார்வை சேவைக்கு நெருங்குகிறது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், பழமை கல்லில் மட்டுமோ ஓட்டத்தில் மட்டுமோ குடியிருப்பதில்லை. தொழில் ஒரு பொருளை உயிரோடு வைக்கிறது. உருவம் அதை அடையாளம் காட்டுகிறது. பழம்பொருள் அதற்குச் சாட்சி சொல்கிறது. மூன்றில் ஒன்று மாறும்போது மற்ற இரண்டும் கைமாறாமல் நின்றால் அதே பொருள் என்று சொல்ல இடம் உண்டு. கழுதுருட்டியில் மாறியது பொருளின் ஒரு பகுதிதான். பதின்மூன்று கண்களும் அவற்றின் மேல் ரயிலும் இருக்கும்வரை அதை 1904-ஆம் ஆண்டின் பாலம் என்று அழைப்பதில் தவறில்லை.