கடைசிப் பந்தி

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலுக்குப் பதிவுசெய்தபோது படிவம் கேட்டது: இரவுச் சாப்பாடு குறித்த நேரத்திலா, விரும்பிய நேரத்திலா? "விரும்பிய நேரம் போடும்மா, அதுதான் சுதந்திரம்" என்றாள் மகள்.

பழைய முறையில் ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டரைக்கு இன்னொன்று. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே பரிமாறுபவர். 2000-இல் நார்வீஜியன் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' என்று இந்தக் கட்டைத் தளர்த்தியது; மற்ற நிறுவனங்களும் அப்படியொரு வசதியைச் சேர்த்துக்கொண்டன.

என் கை தயங்கியது. இருபது வருடமாக வீட்டில் எனக்கு நேரக் கட்டுப்பாடே இல்லை. மாமியாரின் மாத்திரை, கணவரின் பசி, மகளின் பரீட்சை எல்லாம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். தன் பசியை முன்வைத்துப் பழகாதவளுக்கு 'விரும்பிய நேரம்' என்பது பிறர் விரும்பிய நேரம்தான். கப்பலிலும் "உங்களுக்குப் பசிக்கிறதா?" என்றே கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆறு மணிப் பந்தியைக் குறித்தேன். நாற்காலி எனக்காகக் காத்திருந்தது. மூன்றாம் இரவு, கேட்காமலே எலுமிச்சைத் துண்டு வைத்த இளைஞரிடம், "நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள்?" என்றேன். "இரண்டாம் பந்தி முடிந்ததும், மேடம்."

என் இடத்தில் இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார்.

ஊர் திரும்பியதும் வீட்டில் எட்டு மணி என்று நேரம் குறித்தேன். பாத்திரங்கள் நடுவில், யாரும் நின்று பரிமாறுவதில்லை.