கல் எறிந்தால் பட்டதாரி மேல் விழட்டும்!

"கல்லை விட்டெறிஞ்சா ஒரு இன்ஜினியர் தலையிலதான் விழும்." பட்டம் வாங்கிய கையோடு இந்தப் பேச்சு உன் காதில் விழும். கல்யாணப் பந்தியில் சொல்வார்கள். டீக்கடை பெஞ்சில் சொல்வார்கள். உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பாவே சொல்வார். தலையைக் குனியாதே தம்பி, குனியாதே தங்கச்சி. நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்: விழட்டும்! ஊர் ஊராக, தெருத் தெருவாக விழட்டும்! எத்தனை கல் எறிந்தாலும் ஒரு பட்டதாரி மேலும் படாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் உன் பாட்டனும் பாட்டியும் பட்டபாடு போதும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் பிறந்தது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இரண்டே பேர். சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை, இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவ்வளவு பெரிய சென்னை மாகாணத்துக்கு இரண்டு பேர்! அன்றைக்குப் பட்டத்துக்கு இருந்த மதிப்பே தனி என்று பெருமூச்சு விடுகிறவர்களைக் கேட்கிறேன்: அந்த மதிப்புக்கு விலை கொடுத்தது யார்? வரப்பில் நின்றவன் கொடுத்தான். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவன் கொடுத்தான். பள்ளிக்கூடப் படியில் கால் வைக்கவே விடாமல் விரட்டப்பட்டவன் கொடுத்தான். பட்டம் சிலருக்கு மட்டும் கிடைத்ததால் வந்த பெருமை நமக்கு வேண்டாம். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. இதைத்தான் மலிந்துபோய்விட்டது என்கிறார்கள். நான் வெற்றி என்கிறேன். அந்த வெற்றியில் உன் பங்கும் இருக்கிறது.

உன் பங்கு சின்னதும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு, முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடம் தலைக்கு மேலே போக, கடைசி பெஞ்சில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, அங்கேயிருந்து எழுந்து வந்திருக்கிறாய். அரியர் விழுந்த பேப்பரை அடுத்த முறை எழுதித் தட்டித் தூக்கினாய். சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போய் பரீட்சைக் கட்டணம் கட்டினாய். வீட்டில் எவருக்கும் 'இன்டர்னல் மார்க்' என்றால் என்னவென்று தெரியாது. கேட்டுத் தெளிய ஆள் கிடையாது. விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து கல்விக்கடனுக்கு வங்கி மேனேஜர் முன்னால் நிற்பது வரை தனியாளாகச் செய்தாய். மதிப்பெண் பட்டியலில் இது ஒன்றுமே ஏறாது. ஆனால் உனக்குள் ஏறியிருக்கிறது, மறந்துவிடாதே!

ஏ. லலிதா என்றொரு பெண்ணைத் தெரிந்துகொள். பதினைந்து வயதில் திருமணம். பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் பச்சைக் குழந்தை. விதவை என்றால் மூலையில் உட்கார வைத்த காலம் அது. அவர் உட்காரவில்லை. 1940-ல் கிண்டி பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தார். 1794-லேயே வேர்விட்ட அந்த நிறுவனம் அதுவரை மாணவிகளைக் கண்டதில்லை. பட்டச் சான்றிதழிலும் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெண் வருவாள் என்று அச்சுக்கூடம்கூட நினைக்கவில்லை; அவர் வந்தார்! இந்தியாவின் முதல் பெண் மின் பொறியாளர் ஆனார். பக்ரா நங்கல் அணைக்கான மின் பணிகளில் அவர் உழைப்பும் உண்டு. உனக்கான இடம் எந்தப் படிவத்திலும் அச்சடித்து வைக்கப்படவில்லை என்றால் கலங்காதே. போய் நில். திருத்தி எழுதுவார்கள்.

வேலை? உடனே கிடைக்காமல் போகலாம். கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வராமல் போகலாம். படித்த படிப்புக்குச் சம்பந்தமில்லாத வேலை வரலாம், சம்பளம் கைக்கும் வாய்க்குமே பத்தாமல் இருக்கலாம். இது உன் குறை மட்டும் அல்ல. வேலைகளைப் பெருக்க வேண்டிய பொறுப்பு அரசுக்கும் தொழில்துறைக்கும் இருக்கிறது, அதை உரக்கக் கேட்கும் உரிமை உனக்கு இருக்கிறது. ஆனால் அதற்காகக் கதவைச் சாத்திக்கொண்டு செல்போனில் முகம் புதைக்காதே! மாலை ஆறு மணிக்கு நூலகத்தில் போட்டித்தேர்வுக்குப் படிக்கும் கூட்டத்தோடு போய் உட்கார். ஒரு தொழிலை அடியிலிருந்து கற்றுக்கொள். ஆங்கிலம் தடுமாறினால் தடுமாறட்டும். தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான் எல்லோருக்கும் நாக்கு திருந்தியது. தாமோதரம் பிள்ளை பட்டத்தோடு நின்றுவிட்டிருந்தால் 1887-ல் கலித்தொகை அவர் கையால் அச்சேறியிருக்காது.

பட்டமளிப்பு விழாவுக்கு அப்பா, அம்மாவைக் கட்டாயம் கூட்டிப்போ. "நாங்க எதுக்குப்பா அங்க, நல்லா இருக்காது" என்பார்கள். விடாதே! அங்கியைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுப் படம் எடு. அது அவள் கட்டிய ஃபீஸ்.

ஊருக்குத் திரும்பியதும் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணோ பையனோ, எந்தக் கல்லூரி, எந்தப் படிவம், கலந்தாய்வுக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருப்பார்கள். உனக்குச் சொல்ல ஆளில்லை. அவர்களுக்கு நீ இருக்கிறாய். இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு எழுதிப் போட வை!