ஏலத்துக்குப் பின்னும் நிற்கும் கணக்கு

சங்கராபுரம் போன்றதோர் ஊரில் கரும்புப் பணத்தை நம்பி வீட்டை ஈடு வைத்தவர், ஈட்டுச் சொத்தை விற்று வசூலிக்க வங்கிக்கு அதிகாரம் தரும் 2002-ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி வந்த 60 நாள் நோட்டீஸுக்கு வழிகாணாது இல்லத்தை ஏலத்தில் இழந்தபின், அத்துடன் யாவும் அஸ்தமித்ததென்று மனம் ஒடுங்குவது சகஜமே. ஆயினும் சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் அவர் பெயருக்கெதிரே நிற்கும் குறிப்பு அதற்குப் பின்னும் அவரைத் தொடர்கிறது. அவ்வேட்டின் முழுப் பிரதியை ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருஷம் ஒருமுறை இலவசமாகப் பெறும் பாத்தியதை நமக்குண்டு. ஏலத்தொகை முழுதும் வரவு வைக்கப்பட்டதா என்று முதலில் நோக்குக. கடன் போக உபரியிருப்பின் அது வீட்டை இழந்தவருக்கே உரியது. ஏட்டில் பிழைகண்டு முறையிட்டால் 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் விதித்தது. உண்மையான பாக்கியை ஏட்டிலிருந்து எவராலும் அழிக்க இயலாது. அழித்துத் தருவதாகச் சொல்லும் தரகரிடம், வீடிழந்தவர் கையிலிருப்பதையும் இழப்பதை எண்ணுகையில் நெஞ்சு பதைக்கிறது. பாக்கியைத் தீர்த்து, வைப்புத்தொகையின் பேரில் சிறு கடனொன்று பெற்றுத் தவணை தவறாது செலுத்திவந்தால், 300 முதல் 900 வரையுள்ள கடன் மதிப்பெண் மெல்ல ஏறும்.