கிணற்றுக்குக் கணக்குச் சொல்லும் அறிவு

திண்டுக்கல் மாவட்டம் சின்னாளப்பட்டி அருகே 1956-இல் கிராமியக் கல்விக்கென எழுந்த காந்திகிராம நிறுவனம், 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ஊரக வளர்ச்சியோடு வேதியியல், இயற்பியல் ஆய்வும் அங்கே நடக்கிறது. சேவைக்குப் பிறந்த இடத்தில் இதெல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். ஆனால் திண்டுக்கல் தோல் ஆலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது ஊரறிந்த கதை. கிணற்றுத் தண்ணீர் கரிப்பதை நாக்கு சொல்லும். அந்தக் கழிவிலிருந்து கலந்த குரோமியத்தைக் கருவிதான் சொல்லும். எந்தக் கிணற்றையும் நினைக்காமல் அணுவின் ஒளியை ஆராய்ந்தவர்களால் வந்த கருவி அது.

அதற்காக எல்லா ஆய்வும் ஒருநாள் பயன்படும் என்பது வெறும் சமாதானம். பல ஆய்வேடுகள் பட்டம் கிடைத்ததும் தூங்கிவிடுகின்றன. ஆகவே ஆய்வாளரிடம் உடனடிப் பயனைக் கேட்பதைவிட, கண்டதைக் கிணற்றுக்காரருக்குப் புரியும்படி சொல்லக் கேட்பதே முறை.