குருதியும் உறவும்

"உங்களுக்கு எந்த ஊர்? நீங்கள் யார் வழி?" பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்து, வேற்றுமொழி வழங்கும் நகரங்களில் வேரூன்றிவிட்ட நம்மிடம் அயலார் கேட்கும் முதல் வினா இதுவே. நம் பிள்ளைகளும் இதையே கேட்கின்றனர். ஊர்ப்பெயரும் குலதெய்வத்தின் பெயரும் நம் பெற்றோர்க்குப் போதிய விடையாக இருந்தன. இன்றோ மரபணு அறிவியல் தானும் ஒரு விடையை ஏந்தி நம்முன் நிற்கின்றது.

ஏட்டுச் சுவடியைப் படியெடுப்போர் ஆங்காங்கே பிழை செய்வர். அப்பிழைகளை ஒப்பிட்டு, எந்த ஏடு எதன் வழிவந்தது எனப் பதிப்பாசிரியர் உய்த்துணர்வர். மரபணுவும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படுவதே. அதில் நேரும் சிறு மாற்றங்களைக் கொண்டே அறிஞர்கள் நம் முன்னோரின் வழியைக் காண்கின்றனர்.

ஐதராபாத்தில் உள்ள உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்களான லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ் ஆகியோர், அமெரிக்க அறிஞர் டேவிட் ரைக் முதலியோருடன் இணைந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியாவின் 25 சமூகங்களைச் சேர்ந்த 132 பேரின் மரபணுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். இந்நாட்டின் பெரும்பாலான மக்கள், வடக்கு, தெற்கு எனப் பெயரிடப்பட்ட இரு தொன்மக்களின் கலப்பில் தோன்றியோர். அளவில் வேறுபாடு உண்டேயன்றிக் கலப்பில் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. அக்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என 2013-இல் மற்றோர் ஆய்வு கணித்தது. அரியானாவின் இராக்கிகடியில் சிந்துவெளிக் காலத்துப் பெண்ணொருத்தியின் எலும்பிலிருந்து பெற்ற மரபணுவை 2019-இல் வெளியிட்டபோது, அவளும் ஈரானியத் தொடர்புடைய ஒரு மரபும் இம்மண்ணின் வேட்டுவ மரபும் கலந்தவள் எனத் தெரிந்தது. கலப்புக்கு முன்னும் கலப்பே இருந்திருக்கின்றது!

பின்னர் நிகழ்ந்ததே நம்மைச் சிந்திக்க வைப்பது. கலந்து வாழ்ந்த மக்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டனர். அகமணம் வழக்கமாயிற்று. சிறு வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாக மணம் புரிந்ததால், சில மரபுநோய்கள் சில சமூகங்களில் மிகுந்தன. ஆந்திரத்து வணிகச் சமூகம் ஒன்றில், அறுவை மருத்துவத்தின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தொன்று எளிதில் நீங்காமல் மூச்சுக்கே இடர் விளைவிக்கும் குறைபாடு மிகுதியாகக் காணப்படுவது இதற்குச் சான்று.

அண்மையில் நம் குடும்பங்களுள் ஒன்றில், இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணொருத்தி, உள்ளூர் இளைஞன் ஒருவனை மணக்க விரும்பினாள். "பையன் நல்லவன்தானப்பா, ஆனால் நம் இரத்தம் இல்லையே" என்று பாட்டி தம் மகனிடம் கண்கலங்கினார். உடனிருந்த நாம் வாய் திறவாதிருந்தோம். இந்த ஆய்வுகளை எடுத்துரைத்து, "தனி இரத்தம் என்று ஒன்று இல்லை, அம்மா" எனக் கூறியிருக்கலாம் என்று பின்னர் எண்ணினோம்.

ஆயினும் அவ்விடை போதுமா? கலந்தவர் ஆதலால் நாம் சமமானவர் என்போமாயின், கலவாதிருந்தால் சமமாகோமோ? அந்தமான் தீவுகளில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்த மக்கள் நம்மினும் உயர்ந்தவரா, தாழ்ந்தவரா? இவ்வினாவே பொருளற்றது. பொய்ப் பெருமையை அறிவியல் உடைக்கும். அறத்தை நிறுவும் பணியோ நம்முடையது. நாளை ஓர் ஆய்வு முடிவு மாறினால், மாந்தரை மதிக்கும் கடமையும் உடன் மாறிவிடுதல் கூடாது.

பாட்டியின் கண்ணீரையும் நாம் இகழ்தல் தகாது. அவர் இரத்தம் என்று கூறியது, உண்மையில் தாலாட்டையும், தைப்பொங்கலையும், பேரப்பிள்ளையோடு தம் மொழியில் பேசும் இன்பத்தையுமே. அவை கைவிட்டுப் போகுமோ என்னும் அச்சம் நியாயமானது. ஆனால் அவை மரபணுவில் எழுதப்பட்டவையல்ல. தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தும் தமிழறியாப் பிள்ளைகள் நம்மிடையே உளர். அது குருதியின் குற்றமன்று. கற்பிக்காத நம் குற்றமே.

குருதி கேளாமலே வந்து சேரும். மொழியும் பண்பும் கொடுத்தால்தான் சேரும். அந்த மணமகன் நம் இல்லத்துள் வரும் நாளில், அவனுக்கும் அவற்றைக் கொடுப்போம். அவன் மொழியையும் நாம் கேட்டுக் கற்போம். "நாம் யார்?" என்று பிள்ளைகள் வினவும்போது, வந்தவழியைச் சொல்லி நிறுத்தாமல், வாழும்வழியையும் காட்டுவோம்.